பவர் மீட்டரில் ரிலே: 8 ஆம்பியரில் இழுப்பது சுலபம், எப்போது விடுவது?

மூன்று வாரமாக மாலை நேரமெல்லாம், உள்ளேயே ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) உள்ள இந்தப் பவர் மீட்டரோடுதான் போகிறது. வேலை மேசைக்குப் போகும் மொத்தக் கரண்ட் 8 ஆம்பியரைத் தாண்டினால் ஹீட்டரை மட்டும் அது தானாக நிறுத்த வேண்டும், சுமை குறைந்ததும் திரும்பப் போட வேண்டும், அவ்வளவுதான் திட்டம்.

கையில் இருந்த சிடி (லைன் கரண்ட்டை மீட்டருக்கு ஏற்றபடி குறைத்துக் கொடுக்கும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) 50/5, அதாவது லைனில் 50 ஆம்பியர் ஓடினால் மீட்டருக்கு 5 வரும். லைன் வயரை அதற்குள் 5 முறை விட்டு எடுத்தால் 10/5 சிடி மாதிரி வேலை செய்யும், அதனால் மீட்டரில் பிரைமரி (லைன் பக்கம்) 10 என்று கொடுத்தேன். கிளாம்ப் மீட்டரும் இதுவும் ஒரே அளவைக் காட்டும்வரை செட்பாயின்ட் (ரிலே எந்த அளவில் இயங்க வேண்டும் என்று கொடுக்கும்) மெனு பக்கமே போகாதீர்கள். கரண்ட் ஓடும்போது சிடியின் செகண்டரியை (மீட்டருக்குப் போகும் பக்கத்தை) திறந்துவிடவும் கூடாது, அதன் முனைகளில் ஆபத்தான வோல்டேஜ் வரும்.

முதல் செட்பாயின்ட்: 8 ஆம்பியருக்கு மேல் போனால் ரிலே 1 இழுக்கும் (இயங்கும்), 7.5க்குக் கீழே வந்தால் விடும் (பழைய நிலைக்குத் திரும்பும்), இரண்டுக்கும் 5 விநாடி தாமதம். மோட்டார் கிளம்பும்போது கரண்ட் பல மடங்கு ஏறி இறங்கும், அதற்கெல்லாம் ரிலே அசையக் கூடாது என்பதற்காகத்தான் அந்தத் தாமதம். ஹீட்டரைப் போட்டு நிறுத்தும் பெரிய ஸ்விட்சான கான்டாக்டரின் காயிலை ரிலேயின் என்சி முனை (ரிலே இழுக்காதபோது மூடியிருக்கும் முனை) வழியாகக் கொடுத்தேன், ரிலே இழுத்தால் ஹீட்டர் நிற்கும்.

ஓட விட்டால் ஐந்து விநாடிக்கு ஒரு முறை கான்டாக்டர் டக், டக் என்று அடிக்கிறது. தாமதத்தைக் கூட்டினேன், அடிக்கும் இடைவெளிதான் நீண்டது. அப்புறம் தாளில் எழுதிப் பார்த்தபோதுதான் புரிந்தது: மற்ற சுமை 5 ஆம்பியர், ஹீட்டர் 4, மொத்தம் 9. ஹீட்டர் நின்றதும் 5 ஆகிவிடுகிறது, அது 7.5க்குக் கீழே, தாமதம் முடிந்ததும் ரிலே விடுகிறது, ஹீட்டர் வருகிறது, மறுபடி 9. கழற்றும் சுமையைவிட இழுக்கும் அளவுக்கும் விடும் அளவுக்கும் உள்ள இடைவெளி அதிகமாக இருக்க வேண்டும். 8-இல் 4 போனால் 4, அதற்கும் சற்றுக் கீழே 3.5 என்று வைத்தேன், விடுவதற்கான தாமதம் 60 விநாடி. ஒரு முறை இழுத்தால் அப்படியே நிற்கும் லாட்ச் மோடில் வைத்தாலும் சத்தம் நிற்கும்தான், ஆனால் ஒவ்வொரு முறையும் கையால் ரீசெட் செய்ய வேண்டும். அது அலாரம் விளக்குக்குப் பொருத்தம், இதற்கு இல்லை.

இரண்டாவது செட்பாயின்ட் வோல்டேஜ் 200க்குக் கீழே போனால் பஸ்ஸர். மீட்டருக்குச் சப்ளை தனி லைனில் வருவதால், மேசையின் ஸ்விட்சை அணைத்ததும் பூஜ்யம் வோல்ட்டையும் குறைவு என்று எடுத்துக்கொண்டு கத்தியது. வோல்டேஜ் 50க்கு மேல் என்ற இன்னொரு ட்ரிகரை 'மற்றும்' நிபந்தனையாகச் சேர்த்ததும் சரியாகிவிட்டது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், இது பாதுகாப்புக் கருவி இல்லை. ஷார்ட் சர்க்யூட்டுக்கு பிரேக்கர் அதன் இடத்தில் அப்படியே இருக்கிறது. இன்று இரண்டு மணி நேரம் ஓட்டியதில் கான்டாக்டர் ஒரே ஒரு முறை விட்டு, மோட்டாரை நிறுத்திய பிறகு ஒரு முறை இழுத்தது.