ஆன்-கிரிட் சோலாரோடு பேட்டரி சேர்த்தல்: கொழிஞ்சாம்பாறை வீடொன்றில் செய்த வேலை

கூரையில் 5 கிலோவாட் பேனல் இருக்கும், உச்சி வெயில் அடிக்கும், வீட்டில் ஃபேன் ஓடாது. பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுக்காவில் சோலார் போட்டவர்கள் பலருக்கு இது தெரியவருவது முதல் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் மரம் சாய்ந்து லைன் போகும்போதுதான். ஆன்-கிரிட் இன்வெர்ட்டர், அதாவது மின்வாரிய லைனோடு சேர்ந்தே ஓடுவது, லைனில் கரண்ட் இல்லையென்றால் தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்பவருக்கு நம் வீட்டிலிருந்து கரண்ட் பாயக்கூடாது என்பதற்காக வைத்த பாதுகாப்பு அது. அதை யாரும் ஏமாற்றப் பார்க்க வேண்டாம்.

பேட்டரி போட்டால் பில் குறையுமா என்று கேட்பவர்களுக்கு நாங்கள் சொல்வது: நெட் மீட்டரிங்கில் இருந்தால் குறையாது. பகலில் அனுப்பிய யூனிட் இரவில் எடுத்த யூனிட்டோடு கழிந்துவிடுகிறது. அதையே பேட்டரியில் ஏற்றி இறக்கினால் நூற்றில் பத்துப் பதினைந்து வீணாகும். பி.எம். சூர்ய கர் மானியமும் (அதிகபட்சம் 78,000 ரூபாய்) பேனலின் கிலோவாட் கணக்கில்தான் வரும். ஆக, பேட்டரி கரண்ட் கட்டுக்கு. அளவையும் கரண்ட் போகும் நேரத்தை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

இந்த வீட்டின் கணக்கு: பிஎல்டிசி (குறைந்த கரண்டில் ஓடும்) ஃபேன் 4, தலா 30 வாட். எல்இடி 8, தலா 9 வாட். டிவி 80, ரூட்டர் 10. ஃப்ரிட்ஜ் விட்டு விட்டு ஓடுவதால் சராசரி 50. மொத்தம் 330 வாட் சுமார். யாரும் சேர்க்காத ஒன்று, இன்வெர்ட்டர் சும்மா இருந்தாலே தின்னும் 50, 60 வாட். 51.2 வோல்ட், 100 ஏஎச் (ஆம்பியர்-மணி) எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேட்டரியில் 5.12 யூனிட், பத்து சதவீதத்தை அடியில் விட்டுவிட்டால் 4.6. இரவு முழுக்கத் தாங்கும். கிணற்று மோட்டாரைச் சேர்க்கவில்லை. 1 ஹெச்பி மோட்டார் ஓடும்போது 1 கிலோவாட்தான் எடுக்கும், ஆனால் கிளம்பும்போது ஐந்து ஆறு மடங்கு இழுக்கும். டேங்கை நிரப்பி வைத்துக்கொள்வது மலிவு.

பழைய இன்வெர்ட்டரை வைத்துக்கொண்டு பக்கத்தில் பேட்டரி இன்வெர்ட்டர் போடலாம். அல்லது பழையதைக் கழற்றிவிட்டு, பேனலையும் பேட்டரியையும் ஒன்றே பார்த்துக்கொள்ளும் ஹைப்ரிட் போடலாம். இங்கே ஹைப்ரிட். பேனல்கள் பத்தும் ஒன்றன்பின் ஒன்றாக இணைத்த ஒரே ஸ்ட்ரிங். ஒன்றின் திறந்த நிலை (சுமை இல்லாதபோது) வோல்டேஜ் 49.5, ஆக 495. பழைய இன்வெர்ட்டர் 600 வரை தாங்கும், புதியதன் வரம்பு 500. ‘சரியாகத்தானே இருக்கிறது’ என்று தோன்றும். பேனல் குளிர்ந்தால் வோல்டேஜ் ஏறும், 25 டிகிரிக்குக் கீழே ஒவ்வொரு டிகிரிக்கும் 0.27 சதவீதம். மார்கழிக் காலையில் 18 டிகிரி என்றால் 504. மூணாறு பக்கம் கேட்கவே வேண்டாம். ஐந்து ஐந்தாகப் பிரித்து இன்வெர்ட்டரில் பேனலுக்கான இரண்டு உள்ளீடுகளில் (எம்பிபிடி) கொடுத்தோம். கூடுதலாக ஒரு ஜோடி 4 ஸ்கொயர் எம்எம் டிசி கேபிள் இறக்க வேண்டியிருந்தது.

பேட்டரி வாங்கும்போது ஏஎச்சை மட்டும் பார்ப்பார்கள். தொடர்ந்து எத்தனை ஆம்பியர் கொடுக்கும் என்பதுதான் கேள்வி. 5 கிலோவாட் முழுச்சுமையில் 110 ஆம்பியர் வரை இழுக்கும். பேட்டரி 50 ஆம்பியருக்கானது என்றால் மிக்ஸியும் இன்டக்ஷனும் சேர்ந்த நொடியில் பிஎம்எஸ் (பேட்டரிக்குள் இருக்கும் காவல் சர்க்யூட்) வெட்டிவிடும். கேபிள் 35 ஸ்கொயர் எம்எம் செம்பு, கூடியமட்டும் குட்டையாக. கேபிள் நுனியில் மாட்டும் லக்கை ஹைட்ராலிக் கிரிம்பரில்தான் அழுத்த வேண்டும். சுத்தியலால் நசுக்கிய லக் சுமை ஏறினால் சூடாகும். ஃபியூஸும் பிரேக்கரும் டிசிக்கு உரியவை. ஏசி எம்சிபி டிசி ஆர்க்கை அணைக்காது, உள்ளேயே எரியும்.

நேரம் அதிகம் போவது டிபியில்தான் (வீட்டின் பிரேக்கர் பெட்டி). பேக்கப்பில் ஓட வேண்டிய சர்க்யூட்களின் ஃபேஸை மட்டும் பிரித்து, நியூட்ரலைப் பழைய பாரிலேயே விட்டுவிடுவார்கள். போன கரண்ட் வேறு வழியில் திரும்பும், ஆர்சிசிபி (கசிவு கண்டால் கரண்டை வெட்டும் ஸ்விட்ச்) விழுந்துகொண்டே இருக்கும். நியூட்ரலையும் ஒவ்வொன்றாகத் தேடி, தனிப் பாருக்கு மாற்ற வேண்டும். இன்னொன்று: லைன் துண்டித்தபின் இன்வெர்ட்டரின் நியூட்ரல் எர்த்தோடு தொடர்பில்லாமல் மிதக்கும். அந்த நிலையில் பேக்கப் பக்க ஆர்சிசிபி ஷாக்கிலிருந்து காப்பாற்றாது. பேக்கப்பில் மட்டும் நியூட்ரலை எர்த்தோடு சேர்க்கும் ரிலே சில இன்வெர்ட்டர்களில் உண்டு. மெனுவில் அது ஆஃபில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்வெர்ட்டர் மெனுவில் பேட்டரி வகையை லித்தியம் என்று மாற்றாவிட்டால் டியூபுலருக்கான (ஈய பேட்டரி) ஈக்வலைஸ் சார்ஜ், அதாவது கூடுதல் வோல்டேஜ் சார்ஜ், வரும், ஓவர்வோல்டேஜில் பிஎம்எஸ் வெட்டும். 16 செல் பேட்டரிக்கு சார்ஜ் வோல்டேஜை 56 வோல்ட் சுற்றி வைத்தால் போதும். எல்எஃப்பியின் வோல்டேஜ் நடுவில் அசையாமல் நிற்பதால் அதை வைத்து சார்ஜ் சதவீதம் சொல்ல முடியாது. பிஎம்எஸ்ஸிலிருந்து இன்வெர்ட்டருக்குத் தகவல் கொண்டுபோகும் கேன் கேபிள் வேண்டும். பெட்டியோடு வரும் கேபிளைச் செருகியும் ‘கம்யூனிகேஷன் ஃபால்ட்’ வந்தால் முதலில் ஆர்ஜே45 பின்களின் வரிசையை இரண்டு மேனுவலிலும் ஒப்பிடுங்கள். பெரும்பாலும் அங்கேதான் கோளாறு.

பேட்டரி வைக்கும் இடம்: மாடிப்படி மேலுள்ள ஷீட் ரூம் வேண்டாம். பாலக்காட்டு மீனத்தில் (பங்குனியில்) வெளியே 40 டிகிரி, ஷீட்டுக்கு அடியில் இன்னும் மேலே. பேட்டரியின் ஆயுள் அங்கேயே கரையும். கீழ்த்தளத்தில் வடக்குச் சுவர் நல்லது. துலாவர்ஷ (வடகிழக்குப் பருவமழை) இடிக்கு ஏசி, டிசி இரு பக்கமும் டைப் 2 எஸ்பிடி (மின்னல் பாய்ச்சலைத் தடுப்பது).

இன்வெர்ட்டரை மாற்றினால் கேஎஸ்இபி (கேரள மின்வாரியம்) செக்ஷன் ஆபீஸுக்குச் சொல்லாமல் ஆன் செய்யக்கூடாது. பதிவில் பழைய சீரியல் நம்பர்தான் இருக்கும். புதியதன் ஐஎஸ் 16221, ஐஎஸ் 16169 சான்றிதழ்களோடு எழுதிக் கொடுங்கள். மெயினை ஆஃப் செய்து, இன்வெர்ட்டரிலிருந்து லைன் பக்கம் வோல்டேஜ் வரவில்லை என்று அவர்கள் முன்னால் காட்டிவிட்டால் கேள்வி குறையும்.

கரண்ட் கட்டுக்காகப் பேட்டரியில் எப்போதும் விட்டுவைக்கும் சேமிப்பு வரம்பை வெயில் காலத்தில் 30 சதவீதமும் மழைக்காலத்தில் 80 சதவீதமும் வைக்கச் சொன்னோம். பேட்டரியைக் கோயம்புத்தூரில் வாங்கினால் கொஞ்சம் மிச்சமாகும்தான். எல்லையிலுள்ள வேலந்தாவளம் தாண்டி வந்து வாரண்டி பார்ப்பார்களா என்பதை பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.