அறுபது நாள் கெடு: கிளவுடில் காணாமல் போகும் படங்கள்

3 மார்ச் 2025, திங்கள்

கேலரியில் படங்களைக் காணோம் என்றால் முதல் வேலை தேடுவது அல்ல, நெட்டை அணைப்பது. ஏரோபிளேன் மோடு போட்டு, வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்க்க வேண்டும். சிங்க் என்பதை நகலெடுத்து வைப்பது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது செய்வது வேறு: ஓரிடத்தில் நடந்ததை மற்ற எல்லா இடத்திலும் நடத்தி முடிக்கும். புதுப் படத்தைக் கொண்டுபோகிற அதே கை அழித்த செய்தியையும் கொண்டுபோகும்.

அதன்பின் வேறொரு கம்ப்யூட்டரில் பிரவுசர் வழியாகக் கூகுள் போட்டோஸுக்குள் போய் அதன் குப்பைத்தொட்டியான டிராஷைத் திறக்க வேண்டும். பேக்கப் ஆன படம் அழித்த நாளிலிருந்து 60 நாள் அங்கே கிடக்கும். பேக்கப் ஆகாமல் போனில் மட்டும் இருந்த படத்துக்கு, ஆண்ட்ராய்டு 11 முதலான போன்களில், 30 நாள். பேக்கப் ஆகி, இன்று அழித்த படத்துக்கு மே 2 கெடு. ரீஸ்டோர் கொடுத்தால் படம் மட்டுமல்ல, எந்த ஆல்பத்தில் இருந்ததோ அங்கேயும் திரும்பப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

கெடு முடிந்து தொலைந்த படங்களைவிட, "இடம் போதவில்லை" என்ற எச்சரிக்கையைப் பார்த்து டிராஷைத் தன் கையாலேயே காலிசெய்து தொலைத்தவை அதிகம் என்றே தோன்றுகிறது. அந்தப் பொத்தானுக்குப் பின்னால் இன்னொரு தொட்டி கிடையாது.

5 மார்ச், புதன்

'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' வேறு, 'டெலிட்' வேறு. முதலாவது, பேக்கப் ஆகிவிட்ட படத்தின் போன் பிரதியை மட்டும் நீக்கும். கிளவுடில் இருப்பதைத் தொடாது. கூகுள் போட்டோஸ் செயலிக்குள் குப்பைத்தொட்டிச் சின்னத்தை அழுத்தினால் இரண்டும் போகும். ஒரு படத்தைப் போனிலிருந்து மட்டும் எடுக்க வேண்டுமென்றால், படத்தைத் திறந்து மேலே தள்ளினால் வரும் பட்டியலில் 'டெலிட் ஃப்ரம் டிவைஸ்' இருக்கும்.

போன் நிறுவனத்தின் சொந்த கேலரியில் அழிப்பது மூன்றாவது வகை. அங்கே அழித்தால் கிளவுட் பிரதி பெரும்பாலும் அப்படியே நிற்கும். பிறகொரு நாள் கூகுள் போட்டோஸ், "சிங்க் ஆகாத மாற்றங்கள் உள்ளன, பார்க்கவும்" என்று கேட்கும். அவசரத்தில் எல்லாவற்றுக்கும் ஒப்புதல் கொடுத்தால் அதுவரை பிழைத்திருந்த பிரதியும் டிராஷுக்குப் போகும்.

ஐபோனில் இதே விஷயம் இன்னும் விபரீதம். ஐகிளவுட் போட்டோஸும் கூகுள் போட்டோஸும் ஒரே போனில் ஓடும்போது, கூகுளின் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' ஆப்பிளின் நூலகத்திலிருந்து அழிக்கிறது. ஆப்பிளுக்கு அது சாதாரண டெலிட்தான். ஐகிளவுட், ஐபேட், மேக் எல்லாவற்றிலிருந்தும் போய்விடும். கூகுளிடம் பிரதி இருக்கும். ஆனால் அங்கே 'ஸ்டோரேஜ் சேவர்' தரத்தில் ஏற்றியிருந்தால் 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படங்கள் சுருக்கப்பட்டிருக்கும், 1080பிக்கு மேற்பட்ட வீடியோவும் அப்படியே. மூலப்படம் வேண்டுமென்றால் ஆப்பிளின் குப்பைத்தொட்டியான 'ரீசன்ட்லி டெலிட்டட்' காலியாவதற்குள் எடுத்தாக வேண்டும்.

8 மார்ச், சனி

தொலைந்ததாகச் சொல்லப்படும் படங்களில் ஒரு பகுதி தொலையவே இல்லை. வேறு கணக்கில் இருக்கிறது. போன் மாற்றும்போது கடைக்காரர் புதிதாக ஒரு ஜிமெயில் தொடங்கிக் கொடுத்திருப்பார், பேக்கப் அதற்குப் போய்க்கொண்டிருக்கும். செயலியின் வலது மேல்மூலையில் உள்ள வட்டத்தைத் தொட்டு, போனில் உள்ள ஒவ்வொரு கணக்காக மாற்றிப் பார்க்க வேண்டும். பழைய கணக்கின் பாஸ்வேர்டு மறந்து, ஓடிபி போகும் சிம்மும் கையில் இல்லையென்றால் படத்தை மீட்பதற்கு முன் கணக்கை மீட்க வேண்டும். இரண்டாண்டு தொடாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்ற விதியைக் கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைப்படுத்துகிறது. ஆகவே பழைய கணக்கு என்று ஒன்று இருந்தால், வருடத்துக்கு ஒருமுறையாவது உள்ளே போய்வருவது நல்லது.

பேக்கப் இயல்பாக எடுத்துக்கொள்வது கேமரா ஃபோல்டரை மட்டுமே. வாட்ஸ்அப் படங்கள், ஸ்கிரீன்ஷாட், டவுன்லோட் ஆகியவற்றை அமைப்புகளில் போய்த் தனித்தனியாக இயக்கினால்தான் ஏறும். 'லாக்டு ஃபோல்டர்' இன்னொரு பள்ளம்: அதற்கான பேக்கப்பைத் தனியே இயக்காவிட்டால் உள்ளே வைத்தது அந்த ஒரு போனில்தான் இருக்கிறது. ரீசெட் செய்தால் அதோடு சரி.

12 மார்ச், புதன்

போனுக்குள் தேடுவது. ஆண்ட்ராய்டு 11 முதல், கேலரி குப்பைக்கு அனுப்பிய படம் பல போன்களில் அதே ஃபோல்டரில் பெயர் மாறி மறைந்திருக்கும். பெயரின் தொடக்கத்தில் ஒரு புள்ளி, 'டிராஷ்டு' என்ற ஆங்கிலச் சொல், பிறகு பத்து இலக்க எண், அதன்பின் பழைய பெயர். புள்ளியில் தொடங்கும் பெயரைக் கோப்புச் செயலிகள் காட்டாது. 'மறைந்தவற்றைக் காட்டு' என்பதை இயக்க வேண்டும். அந்தப் பத்து இலக்கம் 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய நொடிகள்; படம் நிரந்தரமாக அழியப்போகும் நேரம் அது. முன்னொட்டை நீக்கிப் பெயரைச் சரிசெய்து, வேறிடத்துக்கு நகலெடுத்தால் போதும்.

அந்தக் கெடுவும் தாண்டிவிட்டால் போனின் உள் நினைவகத்தில் எதிர்பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. ஆண்ட்ராய்டு 10 உடன் வெளியான போன்கள் முதல் கோப்புகள் என்க்ரிப்ஷனோடுதான், அதாவது சாவியில்லாமல் படிக்க முடியாத வடிவில்தான், எழுதப்படுகின்றன. அழித்த இடத்தை டிரிம் என்ற ஏற்பாடு சுத்தமாகத் துடைத்தும் விடுகிறது. "அழிந்த படம் 100% மீட்பு" என்று விளம்பரம் செய்யும் செயலிகள் காட்டுவது பெரும்பாலும் தம்நெயில்கள், செயலிகள் தற்காலிகமாகச் சேர்த்து மிச்சமிருக்கும் கேஷ் படங்கள். காசு கட்டினால் விரல்நகம் அளவு படம் கிடைக்கும்.

மெமரி கார்டு மட்டும் வேறு கதை. கார்டில் அழிப்பது என்பது 'இந்த இடம் காலி' என்று குறித்துவைப்பதுதான். கேமராவில் விரைவு ஃபார்மேட் செய்தாலும் பெரும்பாலும் அப்படியே. கார்டை உடனே கழற்றி, அடாப்டரின் ஓரத்தில் உள்ள பூட்டுப் பட்டனைத் தள்ளி, கம்ப்யூட்டரில் முதலில் கார்டு முழுவதையும் ஒரே இமேஜ் கோப்பாக, அதாவது அச்சு அசல் நகலாக, எடுக்க வேண்டும். லினக்ஸில் டிடிரெஸ்கியூ என்ற மென்பொருள் இதற்குப் போதும். 64 ஜிபி கார்டுக்கு இமேஜுக்கே 64 ஜிபி, மீளும் படங்களுக்கு ஏறக்குறைய அதே அளவு இடம் வேண்டும். அந்த இமேஜின் மேல் ஃபோட்டோரெக்கை ஓட்ட வேண்டும். இலவச, திறமூல மென்பொருள் அது. மீட்டதை அதே கார்டில் எழுதினால் மீட்க வேண்டியதன் தலைமேல் எழுதியதாகும்.

ஃபோட்டோரெக் கோப்பின் பெயரைப் பார்ப்பதில்லை. ஜேபெக் படம் எந்த பைட்டுகளில் தொடங்குகிறது என்பதை வைத்துத் தோண்டுகிறது. ஆகவே பழைய பெயரும் ஃபோல்டரும் வராது. எடுத்த தேதி எக்ஸிஃபாக, அதாவது கேமரா படத்தோடு எழுதும் விவரமாக, படத்துக்குள்ளேயே இருப்பதால் அதை வைத்து அடுக்கிக்கொள்ளலாம். வீடியோ துண்டு துண்டாக எழுதப்பட்டிருந்தால் பாதியில் உடைந்து வரும்.

16 மார்ச், ஞாயிறு

ஐகிளவுட் சுருக்கமாக. 'ரீசன்ட்லி டெலிட்டட்' 30 நாள். ஐகிளவுட் போட்டோஸ் ஓடிக்கொண்டிருந்தால் ஐகிளவுட் பேக்கப்பில் படங்கள் சேராது. 'பேக்கப்பை ரீஸ்டோர் செய்தால் வரும்' என்று போனை ரீசெட் செய்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பகிர்ந்த நூலகத்தில் யார் வேண்டுமானாலும் அழிக்கலாம், ஆனால் மீட்பது அந்தப் படத்தைச் சேர்த்தவரால் மட்டுமே முடியும். ஆகவே அழித்தவரின் போனில் தேடிப் பயனில்லை, சேர்த்தவரின் போனை வாங்கிப் பார்க்க வேண்டும்.

'ஆப்டிமைஸ்' இயக்கியுள்ள மேக்கிலிருந்து நூலகத்தை ஹார்டு டிஸ்குக்கு இழுத்துப் போட்டால், போவதில் பல சிறு பிரதிகள்தான். மூலப்படம் ஆப்பிளிடம் இருக்கிறது. 'டவுன்லோட் ஒரிஜினல்ஸ்' இயக்கி, இறங்கி முடிந்தபின் நகலெடுக்க வேண்டும்.

22 மார்ச், சனி

கம்ப்யூட்டர் பக்கம். விண்டோஸில் ஒன்டிரைவின் ஃபோல்டர் பேக்கப்பை இயக்கினால் பிக்சர்ஸ் ஃபோல்டரே ஒன்டிரைவுக்குள் இடம் மாறுகிறது. இலவச 5 ஜிபி நிறைந்து, இடம் பண்ண இணையத்தில் போய் அழித்தால் கம்ப்யூட்டரிலும் அழிகிறது. தனிநபர் கணக்கின் ரீசைக்கிள் பின் 30 நாள் வைத்திருக்கும். அலுவலக, பள்ளிக் கணக்கென்றால் நிர்வாகி மாற்றாதவரை 93 நாள். மைக்ரோசாஃப்ட் 365 சந்தா இருந்தால் ஒன்டிரைவ் முழுவதையும் கடந்த 30 நாளில் ஏதோவொரு நேரத்துக்குத் திருப்பலாம். ஆயிரக்கணக்கில் அழிந்திருந்தால் ஒவ்வொன்றாகப் பொறுக்குவதைவிட இதுவே மேல். டிராப்பாக்ஸ் சாதாரணக் கணக்குகளில் 30 நாள். கூகுள் டிரைவின் டிராஷும், 2020 அக்டோபர் முதல், 30 நாள்தான்; போட்டோஸின் 60 நாளோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

மேகச் சின்னம் போட்ட கோப்பு கம்ப்யூட்டரில் இல்லை. பெயர்ப்பலகை மட்டும்தான் இருக்கிறது.

சேவையே சறுக்குவதும் உண்டு. 2023 நவம்பரில் கூகுள் டிரைவின் டெஸ்க்டாப் செயலி, பதிப்பு 84இல், சிலருடைய கோப்புகளைக் காணாமல் போக்கியது. கணக்கைத் துண்டிக்காதீர்கள், செயலியின் தரவு ஃபோல்டரைத் தொடாதீர்கள் என்று கூகுள் சொன்னது. பிறகு வந்த பதிப்பில் மீட்புக் கருவியைச் சேர்த்தது. சிங்க் ஆகாத கோப்புகள் அந்த ஃபோல்டரிலிருந்துதான் மீண்டன. செயலியை நீக்கி மறுபடி நிறுவும் பழக்கம் உள்ளவர்கள் கவனிக்க.

25 மார்ச், செவ்வாய்

மீண்டதை வெளியே எடுக்க, கணக்கில் உள்ளதை மொத்தமாக இறக்கித் தரும் கூகுளின் டேக்அவுட் சேவை. 'டிசெலெக்ட் ஆல்' கொடுத்துவிட்டு கூகுள் போட்டோஸை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையென்றால் மெயில் முதல் யூடியூப் வரை மூட்டை கட்டி வரும். ஸிப் அளவு 50 ஜிபி வரை தேர்ந்தெடுக்கலாம். கரண்டும் நெட்டும் இடையில் போகும் வீட்டில் 50 ஜிபி வேண்டாம், 45 ஜிபியில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. 4 ஜிபி தோதாக இருக்கும். மூட்டை கட்ட மணிக்கணக்கிலிருந்து நாட்கணக்குவரை ஆகலாம். லிங்க் வந்தபின் ஏறக்குறைய ஒரு வாரம்தான் உயிரோடிருக்கும், ஆகவே ஊருக்குப் போகும் வாரத்தில் இதைத் தொடங்க வேண்டாம்.

எல்லா ஸிப்பையும் ஒரே ஃபோல்டரில் விரிக்க வேண்டும். ஒரு படம் மூன்றாவது ஸிப்பிலும் அதன் விவரங்களைச் சுமக்கும் ஜேஸான் கோப்பு நான்காவதிலும் இருக்கும். படத்தின் எக்ஸிஃப் கெடுவதில்லை. ஆனால் போட்டோஸுக்குள் போய்த் திருத்திய தேதி, சேர்த்த இடம், எழுதிய குறிப்பு எல்லாம் ஜேஸானில்தான் இருக்கும். ஸ்கேன் செய்து தேதி போட்ட தாத்தா காலத்துப் படங்களில் இது முக்கியம். ஜேஸானைத் தேவையற்ற குப்பை என்று அழித்துவிட்டால் அந்த உழைப்பு போயிற்று. எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருள் இரண்டையும் சேர்த்துத் தரும். முதலில் ஒரு ஃபோல்டரின் நகலில் ஓட்டிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நீளமான பெயர்களை டேக்அவுட் வெட்டிவிடும். படத்தின் பெயரும் ஜேஸானின் பெயரும் பொருந்தாமல் சில கோப்புகள் அநாதையாக நிற்கும். இவற்றைக் கையால்தான் சேர்க்க வேண்டும்.

ஜேஸானில் உள்ள நேரம் உலகப் பொது நேரம். ஐந்தரை மணி கூட்டாமல் அப்படியே எழுதினால், பொங்கலன்று விடியற்காலை 5 மணிக்குப் பானை வைத்த படம் போகியன்று இரவு 11.30க்குப் போய் நிற்கும். புத்தாண்டு அதிகாலைக் கோலம் முந்தைய வருடத்து ஃபோல்டரில் இருக்கிறதா என்று பார்த்தாலே பிழை தெரிந்துவிடும்.

31 மார்ச், திங்கள்

இன்றோடு கூகுள் போட்டோஸின் ஏபிஐ, அதாவது வெளிச்செயலிகள் உள்ளே வரும் வழி, மாறுகிறது. இனி வெளிச்செயலிகள் தாங்கள் ஏற்றிய படங்களை மட்டுமே அதன் வழியே படிக்க முடியும். ஆர்குளோன் போன்ற நகலெடுக்கும் மென்பொருட்களை வைத்து நூலகம் முழுவதையும் தானாக இறக்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த வழி அடைபட்டது. பெரிய இழப்பென்று சொல்ல முடியாது: அந்த வழியில் வந்த படங்களில் இடக்குறிப்பு நீக்கப்பட்டே வந்தது, மூலத் தரமும் உறுதியில்லை. கெட்ட விஷயம், ஏற்பாடு நின்றுவிட்டதை யாரும் கதவைத் தட்டிச் சொல்லப்போவதில்லை. கடைசியாக இறங்கிய கோப்பின் தேதியைப் பார்த்தால் தெரியும். டேக்அவுட் பழையபடியே இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாக வருடத்துக்கு ஆறு முறை தானாக மூட்டை கட்டச் சொல்லவும் அதில் வசதி உண்டு.

10 ஏப்ரல், வியாழன்

ஹார்டு டிஸ்க். விண்டோஸ், மேக் இரண்டிலும் எழுத எக்ஸ்ஃபாட் ஃபார்மேட். ஃபாட்32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட வீடியோ ஏறாது. நகலெடுத்தபின் கோப்பு எண்ணிக்கை, மொத்த அளவு இரண்டையும் ஒப்பிட்டு, ஒவ்வொரு வருடத்திலும் நாலைந்து படத்தையாவது திறந்து பார்க்க வேண்டும். டிஸ்கை சிங்க் ஃபோல்டருக்குள் இணைக்கக் கூடாது, ஒருவழி நகலாகவே இருக்கட்டும். இரண்டாவது டிஸ்க் வேறு வீட்டில், முடிந்தால் வேறு ஊரில். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சென்னைக்காரர்களுக்கு, ஒரே பீரோவில் வைத்த இரண்டு டிஸ்கும் ஒன்றாகத்தான் நனையும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

2 மே, வெள்ளி

மார்ச் 3 அன்று அழித்தவை டிராஷிலிருந்து இன்று போகும். இதற்குமேல் தேட வேண்டிய இடங்கள் நம் கூகுள் கணக்குக்கு வெளியேதான்.

நம் படங்களை இன்னொருவரோடு பகிரும் 'பார்ட்னர் ஷேரிங்'கில் எதிர்முனையில் சேமிப்பை இயக்கியிருந்தால் அவர் கணக்கில் பிரதி நிற்கும். உறவினர் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பியது இருக்கும், சுருங்கி, எக்ஸிஃப் இல்லாமல். டாகுமென்டாக அனுப்பியிருந்தால் மூலப்படமே கிடைக்கும். கல்யாணப் படமென்றால் ஸ்டுடியோவில் கேட்கலாம். பழைய வேலைகளை அவர்கள் அழித்துவிடுவதும் உண்டு, ஆகவே ஆண்டைச் சொல்லிச் சீக்கிரம் கேட்க வேண்டும்.

மேசை இழுப்பறையில் கிடக்கும் பழைய போன் எல்லாவற்றையும்விட நல்ல இடம். அதை அப்படியே சார்ஜில் போட்டு ஆன் செய்யக் கூடாது. வீட்டு வைஃபையின் பாஸ்வேர்டு அதற்கு இன்னும் நினைவிருக்கும். ஆன் ஆனதும் இணைந்து, அழித்த செய்தியை வாங்கிக்கொள்ளும். ஐபோன் கேட்காமலே அழிக்கும். ஆண்ட்ராய்டில் அனுமதி கேட்டால் மறுக்க வேண்டும். முதலில் வீட்டு ரூட்டரை அணைத்து, சிம்மைக் கழற்றி, பிறகு ஆன் செய்து, ஏரோபிளேன் மோடு போட்டு, கேபிளில் இணைத்து, கேமரா படங்கள் இருக்கும் டிசிஐஎம் ஃபோல்டர் முழுவதையும் கம்ப்யூட்டருக்கு இழுத்தபின்தான் ரூட்டரைத் திரும்பப் போட வேண்டும். பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜரைத் தொடாமல் கடைக்கு எடுத்துப் போகவும்.

ஜூன் முதல் வாரத்தில் அடுத்த டேக்அவுட்.