எஞ்சின் பழுது: சர்வீஸ் சென்டரா, நம் கையா?

கார் எஞ்சினை நாமே பழுது பார்ப்பதற்கு வெளிநாட்டுக் காணொளிகளில் முதலில் சொல்லப்படும் காரணம் கூலி. அமெரிக்காவில் டீலர் பட்டறைகள் ஒரு மணி நேர வேலைக்கு நூறு டாலருக்கு மேல் வாங்குவது வழக்கம் என்பதால், விடுமுறை நாளில், பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கைத் தாமே மாற்றிக்கொள்பவருக்கு அங்கே கணிசமான தொகை மிஞ்சுகிறது. நம் ஊரில் இந்தக் கணக்கு செல்லாது. பிளக் மாற்றுவதற்கான லேபர் சார்ஜ் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலேயே சில நூறு ரூபாய்தான். தெருமுனை மெக்கானிக்கிடம் அதைவிடக் குறைவு. அந்தத் தொகையை மிச்சம் பிடிப்பதற்காக, குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்சும் சாக்கெட் செட்டும் வாங்குபவருக்குப் போட்ட முதலை எடுக்கவே பல ஆண்டுகள் ஆகிவிடும். ஆனாலும் பத்து வயதைத் தாண்டிய என் பெட்ரோல் காரின் எஞ்சின் வேலைகளில் பெரும்பகுதியை நானேதான் செய்கிறேன். நம் ஊர் பில்லைப் பெரிதாக்குபவை தேவையில்லாமல் மாற்றப்படும் பாகங்களே. எந்தப் பாகம் கெட்டது என்று கண்டுபிடிக்கும் வேலையை நம்மிடம் வைத்துக்கொண்டுவிட்டால், ஸ்பேனரை யார் பிடிப்பது என்பதைப் பிறகு நிதானமாக முடிவு செய்யலாம்.

சென்ற மழைக்காலத்தில் வண்டி மிஸ் அடிக்க, அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றாமல் போகத் தொடங்கியது. சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங்கில் அதிர்வு தெரிந்தது. மேம்பாலத்தில் ஏறும்போது பிக்கப் விட்டுவிட்டு வந்தது. செக் எஞ்சின் விளக்கும் எரிந்தது. சர்வீஸ் சென்டரில் விட்டேன். மாலையில் வாட்ஸ்அப்பில் வந்த எஸ்டிமேட்டில் நான்கு இக்னிஷன் காயில் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தருவது), நான்கு ஸ்பார்க் பிளக், இன்ஜெக்டர் கிளீனிங், த்ராட்டில் பாடி கிளீனிங், எஞ்சின் டீகார்பனைசிங் (உள்ளே படிந்த கரியை நீக்குவது) ஆகியவை இருந்தன. கூடவே, நான் கேட்காமலேயே, எஞ்சின் டிரெஸ்ஸிங் என்ற பெயரில் ஒரு பளபளப்பு ஸ்பிரேயும் இடம்பெற்றிருந்தது. மொத்தம் இருபதாயிரம் ரூபாயை நெருங்கியது. எந்த சிலிண்டரில் மிஸ் ஆகிறது என்று சர்வீஸ் அட்வைசரிடம் கேட்டபோது, "நாலையும் மாத்திட்டா டவுட்டே இருக்காது சார்" என்றார்.

அவர் ஏமாற்றப் பார்த்தார் என்று நான் கருதவில்லை. வாங்கிய வேலையை முடித்து அனுப்பிய வண்டி அதே குறையுடன் மறுவாரம் திரும்பி வருவதுதான் ஒரு பட்டறைக்குப் பெரிய தலைவலி. சந்தேகத்துக்கு இடமான எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிடுவது அதற்கு எளிய காப்பு. தவிரவும், நம்முடன் பேசும் அட்வைசர் பானெட்டைத் திறந்து வேலை செய்பவர் அல்லர். வேலை செய்யும் மெக்கானிக்கோடு நாம் பேச வாய்ப்பதே இல்லை. இந்த ஏற்பாட்டில் பட்டறையின் சந்தேகத்தைத் தீர்க்கும் செலவு நம் கணக்கில் எழுதப்படுகிறது என்பதுதான் என் மனக்குறை.

விளக்கு மினுக்காமல் நிலையாக எரிந்ததால் வண்டியை மெதுவாக வீட்டுக்கு ஓட்டி வந்தேன். இந்த வேறுபாட்டைக் கார் வைத்திருக்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். செக் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மினுக்குகிறது என்றால், எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியாக, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து, அதை அளவுக்கு மீறிச் சூடாக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது ஓரங்கட்டி எஞ்சினை அணைப்பதே சரி. கன்வர்ட்டரின் விலை காயிலின் விலையைப் போலப் பல மடங்கு.

இந்தியாவில் 2013 ஏப்ரல் முதல் கார்களுக்கு ஓபிடி-2 என்ற, பழுதுகளைத் தானே கண்டறிந்து குறியீடாகப் பதியும் அமைப்பு கட்டாயமாக்கப்பட்டது. அதற்குப் பின் வந்த எந்தக் காரிலும் ஸ்டீயரிங்குக்குக் கீழே பதினாறு முனைகள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அதில் செருகும் புளூடூத் அடாப்டர் ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. கைப்பேசியில் ஒரு செயலியை நிறுவினால் போதும். என் காரில் பி0302 என்ற குறியீடு பதிவாகியிருந்தது. பி0300 என்றால் எந்த சிலிண்டர் என்று குறிப்பிட முடியாத மிஸ்ஃபயர். கடைசி இலக்கம் ஒன்று முதல் நான்கு வரை இருந்தால் அது சிலிண்டரின் எண். ஆக, இரண்டாவது சிலிண்டரில்தான் சிக்கல். குறியீடு பதிவான நொடியில் எஞ்சினின் வேகம், சூடு, சுமை ஆகியவை என்னவாக இருந்தன என்பதையும் கணினி ஃப்ரீஸ் ஃபிரேம் என்ற பதிவாகச் சேமித்து வைக்கிறது. குறியீட்டை அழித்தால் இதுவும் அழிந்துவிடும் என்பதால் முதலில் அதைப் படமெடுத்து வைத்துக்கொண்டேன்.

அடுத்து நான் செய்த சோதனைக்கு ஒரு பத்து எம்எம் சாக்கெட்டைத் தவிர வேறெதுவும் தேவைப்படவில்லை. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு இரண்டாவது சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றாவதில் வைத்து, மூன்றாவதை இரண்டாவதில் வைத்து, குறியீட்டை அழித்துவிட்டுக் குடியிருப்பைச் சுற்றி ஓட்டினேன். பி0303 என்று வந்தது. பழுது காயிலோடு சேர்ந்து இடம் மாறியதால், பிளக், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) ஆகிய மூன்றின் மீதும் இருந்த சந்தேகம் ஒரே அடியில் நீங்கிவிட்டது. மாறாமல் பி0302 என்றே வந்திருந்தால் இதே முறையில் பிளக்கை இடம் மாற்றிப் பார்த்திருப்பேன்; அதற்கும் மசியவில்லை என்றால் கம்ப்ரஷன் சோதனைக்குப் பட்டறையைத்தான் நாடியிருப்பேன். கழற்றிய காயிலின் ரப்பர் உறையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், உட்புறத்தில் மேலிருந்து கீழாக முடியிழை போல ஒரு கருப்புக் கோடு ஓடியிருந்தது. மின்சாரம் பிளக்கின் முனைக்குப் போகாமல் அந்தக் கோட்டின் வழியாக எஞ்சின் உடலுக்குக் கசிந்துகொண்டிருந்ததன் தடம் அது. சென்னையில் உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் ஒரிஜினல் காயில் ஒன்றை இரண்டாயிரம் ரூபாய்க்குள் வாங்கினேன். பராமரிப்பு அட்டவணைப்படி பிளக்குகளை மாற்ற வேண்டிய தூரம் கடந்திருந்ததால் அவற்றையும் வாங்கினேன்; எஸ்டிமேட்டில் அந்த வரி மட்டும் முழுக்க நியாயமானது.

பிளக் மாற்றுவது எளிய வேலைதான், ஆனால் கெடுக்கவும் எளியது. சிலிண்டர் ஹெட் அலுமினியம். பிளக்கின் மரை எஃகு. கோணலாக நுழைந்த பிளக்கை ரேட்செட்டால் திருகினால் எஃகு வெல்லும், ஹெட்டின் மரை போய்விடும். ஆகவே முதல் சில சுற்றுகளை விரலால் மட்டுமே திருக வேண்டும். எங்கேனும் பிடித்தால் பின்னோக்கித் திருப்பி மறுபடி தொடங்க வேண்டும். விரலுக்கு இறுகிய பிறகு, வாஷர் உள்ள புதிய பிளக் என்றால் அரைச் சுற்றிலிருந்து முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவான அளவு போதுமானது. டார்க் ரெஞ்ச் இருந்தால் கையேட்டில் உள்ள அளவைப் பார்த்து இறுக்கலாம். பதினான்கு எம்எம் பிளக்குகளுக்கு அது பெரும்பாலும் இருபதிலிருந்து முப்பது நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும்.

ஸ்கேனர் காட்டும் குறியீட்டைப் பாகத்தின் பெயராகப் படித்துவிடுவது வீட்டில் செய்பவர்களும் பட்டறைகளும் ஒருசேரச் செய்யும் தவறு. பி0171 என்றால் எரிகலவையில் காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்திருக்கிறது என்பதே செய்தி. அதை அறிவித்தது ஆக்ஸிஜன் சென்சார் என்பதற்காகச் சென்சாரை மாற்றுபவர்கள் ஏராளம். உண்மையான காரணம் ஏர் ஃபில்டருக்குப் பின்னால் கிளிப் தளர்ந்த ஒரு ரப்பர் குழாயாகவோ, வெடிப்பு விட்ட வேக்கம் ஹோஸாகவோ, தளர்ந்துபோன ஃபியூயல் பம்பாகவோ இருக்கலாம். முந்தைய சர்வீஸுக்குப் பிறகு உடனே இந்தக் குறியீடு வந்தால், அந்த சர்வீஸில் கழற்றப்பட்ட இணைப்புகளை ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பார்ப்பதுதான் முதல் வேலை. கன்வர்ட்டரின் செயல்திறன் குறைந்ததாகச் சொல்லும் பி0420 வந்தவுடன் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் போய்விட்டது என்று முடிவு கட்டுவதும் இதே வகைதான். புகைக்குழாயில் சிறு கசிவு இருந்தாலும் அந்தக் குறியீடு எழலாம்.

இவ்வளவு சொன்ன பிறகும், என் கையால் தொடாதவை பல உண்டு. வேலையில் பிசகு நேர்ந்தால் அது வீட்டு வாசலிலேயே தெரிந்துவிடுமா, அல்லது இரண்டு மாதம் கழித்து நெடுஞ்சாலையில் தெரியுமா என்று கேட்டுக்கொள்கிறேன். காயில் சரியாகப் பொருந்தவில்லை என்றால் ஸ்டார்ட் செய்த உடனே எஞ்சின் சொல்லிவிடும். வால்வுகளையும் பிஸ்டனையும் ஒத்து இயங்க வைக்கும் டைமிங் பெல்ட் ஒரு பல் தள்ளிப் பொருத்தப்பட்டாலோ, அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் சரியாக இறுகாவிட்டாலோ, பல எஞ்சின்களில் பிஸ்டன் வால்வுகளை இடித்து வளைத்துவிட்ட பிறகுதான் தெரிய வரும். காமன் ரெயில் டீசல் எஞ்சினின் எரிபொருள் குழாய்களை ஓடும்போது தொடுவது வேறு வகை ஆபத்து. ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போகும். அந்த எஞ்சின்கள் பலவற்றில் புதிய இன்ஜெக்டரின் எண்ணைக் கணினியில் பதிய வேண்டும் என்பதால் நிறுவனத்தின் ஸ்கேனர் இல்லாமல் வேலை முடியவும் முடியாது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்த பிறகு டீசல் கார்களில் பரவலாகிவிட்ட புகைக்கரி வடிகட்டி, நகருக்குள்ளேயே ஓடி அடைத்துக்கொண்டால், அதை எரித்துச் சுத்தம் செய்யும் கட்டளையையும் உரிய ஸ்கேனர் மூலமே கொடுக்கிறார்கள்.

வெள்ளத்தில் நின்ற காரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையில் கார்கள் மிதந்து ஒன்றன் மீது ஒன்று ஏறியதைச் சென்னை மறந்திருக்காது. நீர் வடிந்ததும் ஸ்டார்ட் ஆகிறதா என்று சாவியைத் திருகிப் பார்ப்பது மனித இயல்பு. அந்த ஒரு திருகலில் சிலிண்டருக்குள் இருக்கும் நீர் அமுங்க மறுத்து, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடை வளைத்துவிடும். சாதாரண காப்பீட்டில் இப்படி நாமே வருவித்துக்கொண்ட எஞ்சின் சேதம் பொதுவாகச் சேராது. எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் காப்பைத் தனியே வாங்கியிருக்க வேண்டும். இந்த நிலையில் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, வண்டியைக் கட்டி இழுத்துச் சர்வீஸ் சென்டருக்கு அனுப்புவதைத் தவிர வேறு எதுவும் செய்யக் கூடாது.

வாரண்டி உள்ள கார் என்றாலும் நான் சர்வீஸ் சென்டருக்கே போகச் சொல்வேன். இலவசமாகக் கிடைப்பதை விட்டுவிடக் காரணமில்லை. நிறுவனமே திரும்ப அழைத்துச் சரிசெய்து தரும் குறைகளும் உண்டு. 2021 செப்டம்பரில் மாருதி சுசுகி, மோட்டார் ஜெனரேட்டர் பாகத்தைச் சோதித்து மாற்ற 1,81,754 பெட்ரோல் கார்களைத் திரும்ப அழைத்தது. எஞ்சின் சார்ந்த எந்தச் செலவையும் செய்வதற்கு முன் நிறுவனத்தின் இணையதளத்தில் சேசிஸ் எண்ணை இட்டுப் பார்ப்பது நல்லது. வெளியில் ஒரு நட்டைத் தொட்டாலும் வாரண்டி போய்விடும் என்று மிரட்டப்படுவது மட்டும் எனக்கு உடன்பாடில்லை. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் பதினான்கு கார் நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தபோது, உதிரிபாகங்களும் சோதனைக் கருவிகளும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்க வேண்டும் என்றும், வெளியே பழுது பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை மொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றும் கூறியது. நிறுவனங்கள் மேல்முறையீடுகளுக்குப் போனதால் வழக்கு நீண்டது; ஆனால் நுகர்வோர் எதைக் கேட்பது நியாயம் என்பது அந்த ஆணையில் தெளிவாக இருக்கிறது.

சர்வீஸ் சென்டருக்குப் போக முடிவு செய்துவிட்டால், ஜாப் கார்டில் (வேலை விவர அட்டையில்) என்ன எழுதப்படுகிறது என்பதில் கவனம் வேண்டும். "காயில் மாற்றவும்" என்று எழுத வைத்தால் காயிலை மாற்றுவதோடு அவர்கள் பொறுப்பு முடிந்தது. பழுது தீராவிட்டால் கேட்க முடியாது. "எஞ்சின் சூடான பிறகு, ஐட்லிங்கில் மிஸ் அடிக்கிறது, பி0302 பதிவாகியுள்ளது, காயிலை மூன்றாவது சிலிண்டருக்கு மாற்றியதும் பி0303 ஆனது" என்று அறிகுறியையும் சோதனையையும் எழுத வைத்தால், அதைத் தீர்த்துத் தரும் பொறுப்பு அவர்களிடம் இருக்கும். என்னைக் கேட்காமல் எந்தக் கூடுதல் வேலையும் செய்யக் கூடாது என்பதையும், கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்பதையும் அதே அட்டையில் எழுத வைத்துக் கையெழுத்திடுவேன். இதை எழுதிய பிறகு டீகார்பனைசிங் பற்றிய பேச்சு பெரும்பாலும் எழுவதில்லை.

இப்போது எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையில் எண்ணெய்க் கசிவு தெரிகிறது. பார்த்தவர்கள் கிராங்க் ஆயில் சீல் (கிராங்க் தண்டின் முனையில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம்) என்கிறார்கள். அதை மாற்ற கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். ஆனால் மேலே உள்ள வால்வ் கவர் கேஸ்கெட்டில் (எஞ்சின் மேல்மூடியின் அடைப்பில்) கசியும் எண்ணெயும் எஞ்சினின் பின்புறமாக வழிந்து அதே இடத்தில்தான் வந்து சொட்டும். எனவே டீகிரீசரால் முழுவதையும் துடைத்துவிட்டு, சில நாட்கள் ஓட்டி, ஈரம் மேலிருந்து தொடங்குகிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கப் போகிறேன். கவர் கேஸ்கெட் என்றால் நானே மாற்றிவிடுவேன். சீல் என்றால் லிஃப்ட் உள்ள பட்டறைக்குப் போய், கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே கிளட்ச் பிளேட்டையும் பார்க்கச் சொல்வேன்.