முலாஞ்சே நாட்குறிப்பு: துவரை உடைத்த பத்து நாள்

ஜூலை 15, 2025, செவ்வாய்

டப்பாவின் அடியில் கிடந்த கடைசிக் கைப்பிடி துவரம்பருப்பையும் நேற்று ரசத்துக்குப் போட்டாயிற்று. இனி வாங்க வேண்டுமென்றால் மலாவியின் இந்த முலாஞ்சேயிலிருந்து பெரிய நகரமான பிளான்டையர் போகவேண்டும். காரில் கால் டேங்க் பெட்ரோல்தான் இருக்கிறது. அதை ஆத்திர அவசரத்துக்கென்று வைத்திருக்கிறோம். இவர் நேற்று தேயிலைத் தொழிற்சாலை வேலை முடிந்து மூன்று மணி நேரம் பங்க் வரிசையில் நின்றார். முன்னால் ஏழு வண்டி இருக்கும்போது தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். மினிபஸ்ஸில் போகலாம்தான். ஒரு வரிசைக்கு நான்கு பேர், மடியில் யாருடையதோ கோழி. பருப்புக்காக அவ்வளவு தூரமா என்று தோன்றியது.

இத்தனைக்கும் ஜன்னலைத் திறந்தால் துவரைக் காடு. மக்காச்சோளத்தை ஒடித்துப் பல நாளாகிறது, ஊடுபயிராகப் போட்ட துவரை மட்டும் தலைக்கு மேல் நிற்கிறது. இங்கே அதன் பெயர் நந்தோலோ. ஆண்டுக்கு 50,000 டன் துவரையை மலாவியிலிருந்து வாங்கிக்கொள்வதாக இந்தியா 2021இல் ஒப்பந்தம் போட்டிருக்கிறது. நாங்கள் பிளான்டையரில் வாங்கும் இந்திய பாக்கெட் இந்த வயலிலிருந்து போய் உடைபட்டுத் திரும்பி வந்ததாகக்கூட இருக்கலாம். நாமே உடைத்தால் என்ன?

ஜூலை 16, புதன்

சிட்டகாலே சந்தைக்குப் போனேன். தக்காளியை நம்மூர் மாதிரியே கூறு கட்டித்தான் வைத்திருப்பார்கள். நந்தோலோவைத் தட்டில் அளந்து கொட்டினார் ஒரு அம்மா. நான் வாயைத் திறக்கும் முன்பே கொசுறாக ஒரு கை அள்ளிப் போட்டார்.

திரும்பும்போது கபாசா பிடித்தேன். கேரியரில் மெத்தை வைத்துத் தைத்த சைக்கிள் டாக்சி. பாதி வழியில் பின் டயர் பஞ்சர். சைக்கிள் ஒரு பக்கம் சாய, நான் செம்மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். உடனே நாலா பக்கமிருந்தும் "பெபானி, பெபானி!" ரோட்டில் போன பள்ளிக்கூடப் பிள்ளைகள், கரும்பு விற்கிறவர், எதிரே விறகு சுமந்து வந்த பாட்டி, எல்லாரும் சொன்னார்கள். பெபானி என்றால் மன்னிப்பு. வந்த புதிதில், தள்ளிவிடாதவர்கள் எதற்கு மன்னிப்புக் கேட்கிறார்கள் என்று குழம்பியிருக்கிறேன். இது நம் 'அடப்பாவமே'க்குப் பக்கத்தில் வரும். ஆனால் அடப்பாவமே என்றுவிட்டு நாம் நடையைக் கட்டிவிடலாம். பெபானி சொன்ன பாட்டி விறகை இறக்கிவைத்துவிட்டு, சிதறிய துவரையை என்னோடு உட்கார்ந்து பொறுக்கினார். சைக்கிள்காரப் பையன் மூட்டையைக் கேரியரில் வைத்து வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தான். பேசிய காசுக்கு மேலே கொடுத்ததை, சவாரிதான் பாதியிலேயே நின்றுவிட்டதே என்று வாங்க மறுத்தான். அப்புறம் பஞ்சர் ஒட்டுவதற்கு என்று சொல்லித் திணித்தேன்.

ஜூலை 17, வியாழன்

அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் போன் போட்டேன். "ராத்திரி ஊறவை, தண்ணிய வடிச்சிட்டுச் செம்மண் கரைசல்ல புரட்டு, ஒரு நாள் மூடிவை, அப்புறம் நல்ல வெயில்ல நாலு நாள் போடு. அம்மாச்சி அப்படித்தான் செய்வா. திருகை இருக்கா?" திருகை இல்லை. செம்மண் ஏராளமாக இருக்கிறது. வாசலிலேயே வெட்டி எடுத்துச் சலித்துக் கரைத்தேன். நேற்று இரவே ஊறப்போட்டிருந்ததால் வேலை சுருக்க முடிந்தது.

ஜூலை 19, சனி

வெயிலா? சிப்பெரோனி வந்துவிட்டது. மொசாம்பிக் பக்கத்தில் சிப்பெரோனி என்று ஒரு மலை, அந்தத் திசையிலிருந்து வரும் குளிருக்கும் தூறலுக்கும் இங்கே அதே பெயர். 3,002 மீட்டர் உயர முலாஞ்சே மலை வாசலுக்கு எதிரேதான் நிற்கிறது. இன்று அப்படி ஒன்று இருந்த சுவடே தெரியவில்லை. தேயிலைக்கு நல்லதாம், இவருக்கு வாயெல்லாம் பல். எனக்கோ வராந்தாவில் சித்தென்ஜே துணியில் பரப்பிய துவரை அப்படியே சொதசொதவென்று கிடக்கிறது.

காலையில் போன கரண்ட் இன்னும் வரவில்லை. கேஸும் தீர்ந்து, கடையில் சிலிண்டர் இல்லாமல், கரி அடுப்பில்தான் சமையல். பற்றவைக்கவே அரை மணி ஆகிறது.

ஜூலை 21, திங்கள்

துவரை முளைத்துவிட்டது. எல்லாம் இல்லை, ஒரு கால் பங்கு இருக்கும். உட்கார்ந்து பொறுக்கினேன். முளைத்ததை ஏழெட்டுத் தண்ணீரில் அலசிச் சுண்டல் செய்தேன். பல்லில் மண் நறநறத்தது. இவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்கும்.

ஜூலை 22, செவ்வாய்

"ஓடி! ஓடி!" என்று வாசலில் குரல். இங்கே கதவைத் தட்ட மாட்டார்கள், இப்படிக் கூப்பிடுவார்கள். எதிர்வீட்டு அமாயி. பெரிய பெண்களை மரியாதையாக அமாயி என்பார்கள். நம் அம்மாவுக்கு இவ்வளவு பக்கத்தில் ஒரு சொல் இருப்பது தற்செயல்தான், ஆனாலும் எனக்குக் கூப்பிட இதமாக இருக்கிறது.

துவரையைப் பார்த்ததும் முதலில் சிரித்தார். நல்ல நந்தோலோவில் ஏன் மண்ணைப் போட்டாய்? தோலை எடுக்க. தோலை ஏன் எடுக்க வேண்டும்? எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிச்செவா மொழியில் சாம்பாரை விளக்கினேன். அவர்கள் தோலோடு வேகவைத்துத் தக்காளி, வெங்காயம் போட்டு, மக்காச்சோள மாவில் கிளறிய களியான ந்சிமாவுக்குத் தொட்டுக்கொள்வார்கள். தோலைத் தூக்கி எறிகிற ஆளை அவர் இதற்கு முன் பார்த்ததில்லை போலிருக்கிறது. ஆனால் ஒன்றும் சொல்லாமல் அத்தனையையும் துணியோடு அள்ளிக்கொண்டு போய், தன் அடுப்படியில், புகை படாமல் சூடு மட்டும் படுகிற இடத்தில் பரப்பிவைத்தார்.

2023 மார்ச்சில் வந்த பிரெடி புயலில் அவருடைய பழைய வீடு போய்விட்டது. இந்தச் சமையல்கட்டு அதற்குப் பிறகு அவரே செங்கல் அடுக்கிக் கட்டியது. அங்கே போய் என் பருப்பு இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

ஜூலை 24, வியாழன்

கல்லுபோலக் காய்ந்துவிட்டது. மாவு மில்லில், மண் பட்ட தானியத்தைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டார்கள். அவர்கள் மேலும் தப்பில்லை. கடைசியில் அமாயியின் அரைக்கல்லில் வைத்து மேலே லேசாக உருட்டினோம். முதல் ஈடு மாவாகிவிட்டது. கை பழகியதும் 'சடக் சடக்' என்று இரண்டு இரண்டாகப் பிளந்தது. புடைக்க லிச்செரோ கொடுத்தார். முறமேதான், வட்டமாக இருக்கிறது, அவ்வளவே. புடைக்கிற விதத்தில் அம்மாச்சியே எழுந்து வந்தாற்போல இருந்தது. எனக்குத்தான் வரவில்லை. பாதிப் பருப்பைக் கோழிக்குப் போட்டேன்.

தேறியது ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.

ஜூலை 26, சனி

சாம்பார். சந்தையில் ப்வெம்பா என்ற பெயரில் புளி கிடைக்கிறது, கறிவேப்பிலை தொட்டிச் செடியிலிருந்து. பருப்பு குழைய மட்டும் நேரமெடுத்தது, ஒன்றிரண்டு தோலும் மிதந்தது. ஆனால் கொதிக்கும்போது வந்த வாசனை எந்த பாக்கெட் பருப்பிலும் வந்ததில்லை. இவர் மூன்று தரம் ஊற்றிக்கொண்டார்.

ஒரு தூக்கு நிறைய அமாயிக்குக் கொண்டுபோனேன். இரண்டு கையாலும் வாங்கி, முழங்காலை லேசாக மடக்கி "சிகோமோ" என்றார். நன்றி சொல்ல வேண்டியவள் நான், முந்திக்கொண்டவர் அவர். ந்சிமாவைப் பிட்டுத் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு யோசித்தார். ருசிதான், ஆனால் ரொம்பத் தண்ணீர், கையில் நிற்கவில்லை என்றார். அப்புறம் என் வீட்டு மூலையில் கட்டிவைத்திருந்த தோல் மூட்டையைக் கேட்டார், ஆட்டுக்கு.

ஜூலை 28, திங்கள்

காலையில் கதவைத் திறந்தால் வாசலில் அமாயியின் ஆடு. தோல் நேற்றே தீர்ந்துவிட்டது என்று அதற்கு யார் சொல்வது? சந்தைக்குப் போய் இன்னும் நாலு தட்டு நந்தோலோ வாங்கி வந்தேன்.