விளிம்பை விட்டு ஐந்து மீட்டர்

சரிவின் உச்சியில் இருந்த அந்த மனையை வாங்கும்போதே பால்கனி எங்கே வரும் என்று மனதில் குறித்துவிட்டேன். சரியாக விளிம்பில். கீழே பதினைந்து மீட்டர் பள்ளம், எதிரே வெறும் வானம்.

மண் இன்ஜினியர் வந்த அன்று மனையை அரை நிமிடம்தான் பார்த்தார். "கீழே போகலாமா?" என்று இறங்கத் தொடங்கிவிட்டார். மேலே கட்டப்போகும் வீட்டுக்குக் கீழே என்ன வேலை என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சல். பாதிச் சரிவில் நின்று மரங்களைக் காட்டினார். அடித்தண்டு எல்லாமே அரிவாள் போல வளைந்து, அப்புறம்தான் நேராக மேலே போயிருந்தது. மேல்மண் வருடக்கணக்காக மெல்ல மெல்லக் கீழே நகர்ந்தால் மரம் இப்படி வளையுமாம். இன்னும் கொஞ்சம் கீழே, வறண்ட காலத்திலும் ஒரு திட்டு மட்டும் பச்சைப் பசேல் என்றிருந்தது. உள்ளே எங்கிருந்தோ தண்ணீர் கசிகிறது என்று எழுதிக்கொண்டார்.

பிறகு மூன்று இடங்களில் துளை போட்டார்கள். பின்பக்கத்துத் துளையில் நல்ல இறுகிய மண். விளிம்புப் பக்கத்து இரண்டிலும் இரண்டு மீட்டர் ஆழம் வரை உதிரி மண். அதற்குள் உடைந்த செங்கல்லும் பிளாஸ்டிக் பையும். முன்பு யாரோ மனையைச் சமப்படுத்தியபோது மண்ணை விளிம்புக்குத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். நான் பால்கனிக்குக் குறித்து வைத்திருந்தது நிலமே இல்லை, கொட்டிய குப்பை மண்!

வீட்டின் எடைதான் ஆபத்து என்று நினைத்திருந்தேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டின் ஒரு தளம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டன்; அதே இடத்தில் இரண்டடி மண் கிடந்தாலும் அந்த எடைதான். அவருடைய கவலை முழுக்கத் தண்ணீர்மேல். மண்துகள்களுக்கு நடுவே தண்ணீர் நிரம்பினால் அதன் அழுத்தம் துகள்களை விலக்கப் பார்க்கும். ஒன்றையொன்று பிடித்திருக்கும் உராய்வு குறைந்துவிடும். மண்ணைச் சரிக்கப் பார்க்கும் விசையைப்போல் அதைப் பிடித்து நிறுத்தும் விசை எத்தனை மடங்கு என்பதுதான் பாதுகாப்பு எண். கணக்குப் போட்டபோது காய்ந்த நிலையில் அது 1.5-ஐத் தாண்டியது. நனைந்த நிலையில் 1.2. பொதுவாக எதிர்பார்ப்பது 1.5.

வீடு பின்னால் போனது. சரிவின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளியிருக்க வேண்டும் என்பது பல இடங்களில் புழங்கும் கணக்கு. எங்களுக்கு அது ஐந்து மீட்டர். அதை மேலே தரையில் டேப் பிடித்து அளக்கக் கூடாது என்பது எனக்குப் புதிது. அஸ்திவாரத்தின் அடியிலிருந்து சரிவின் முகம் வரை கிடையாக அளக்க வேண்டும், அதுவும் உதிரி மண்ணைக் கணக்கில் சேர்க்காமல். முன்வரிசைத் தூண்களை உதிரி மண்ணைத் தாண்டி ஆழமாக இறக்கினோம். அனுமதி வாங்க அலைந்த கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான், விடுங்கள்.

நான் சொதப்பியது ஒரே ஒரு நாள். அஸ்திவாரம் தோண்டிய மண்ணை "சும்மா ரெண்டு நாளைக்கு" என்று இயந்திர ஓட்டுநர் விளிம்பில் குவித்தார். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அன்று இரவு மழை. காலையில் விளிம்புக்கு இணையாக, விரல் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல். இன்ஜினியரைக் கூப்பிட்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "மண்ணை எங்கே போட்டீங்க?" குவியல் முழுவதையும் எடுத்து, விரிசலில் களிமண் திணித்து, மேலே தார்ப்பாய் போட்டு மூட இரண்டு நாள் வேலை நின்றது. அதன்பிறகு விளிம்பில் ஒரு மூட்டை சிமெண்ட் வைக்கக்கூட விடவில்லை.

செலவில் பெரும்பகுதி, கண்ணுக்கே தெரியாத வேலைகளுக்குத்தான் போனது. கூரைத் தண்ணீர் எல்லாம் மூட்டு கசியாத குழாயில் சரிவின் அடிவாரம் வரை போகிறது. முற்றம் விளிம்புக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்கிறது. செப்டிக் டேங்கின் உறிஞ்சுகுழியை மனையின் பின்கோடிக்கு மாற்றினோம். விளிம்பில் புல்தரை போட்டுத் தண்ணீர் பாய்ச்சும் ஆசையையும் விட்டாயிற்று. அங்கே இருந்த புதர்களை அப்படியே விட்டுவிட்டோம், வேர்கள் மேல்மண்ணைப் பிடித்திருக்கட்டும் என்று.

பால்கனியிலிருந்து இப்போது பள்ளம் தெரியாது, வானம் மட்டும்தான். ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் இறங்கிப் போய்க் குழாய் வாயைப் பார்க்கிறேன். போன முறை இலைகள் அடைத்திருந்தன. எடுத்துப் போட்டுவிட்டு, திரும்பி ஏறும் வழியில் அந்தப் பச்சைத் திட்டையும் பார்த்தேன். அளவு கூடவில்லை.