எரியாத விளக்கைப் பற்றி ஒரு புகார்

ஓவியம், சிற்பம் எதுவும் எனக்குத் தெரியாது. 34 வருஷம் வங்கி வேலை. அதில் பாதிக்கு மேல் கேஷ் கவுண்டரில் போனது. எண்ணத் தெரியும், அவ்வளவுதான். அதனால் டோக்கியோவில் இருக்கும் மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் "அம்மா, இன்னிக்கு நவீன ஓவியம் பார்க்கப் போலாமா?" என்றபோது, நான் கேட்ட முதல் கேள்வி, "டிக்கெட் எவ்வளவுடா?"

டோக்கியோ சமகாலக் கலை அருங்காட்சியகம். 1995இல் திறந்தது, கிபா பூங்காவை ஒட்டி இருக்கிறது. கியோசுமி-ஷிராகாவா ஸ்டேஷனில் இறங்கிப் பத்து நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட நடந்தோம். என் நடைக்கு அப்படி. அங்கே நிரந்தரச் சேகரிப்பை மட்டும் பார்க்க 500 யென். 65 தாண்டியவர்களுக்கு 250. பாஸ்போர்ட்டை நீட்டினேன். வயதானதில் எனக்கு வந்த லாபக் கணக்கில் இதையும் சேர்த்துக்கொண்டேன்.

அன்று மழை. குடையை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். வாசலிலேயே குடைக்கென்று ஒரு ஸ்டாண்ட். ஒவ்வொரு குடைக்கும் தனிப் பூட்டு, தனிச் சாவி. பைக்கு லாக்கர். 100 யென் நாணயம் போட்டால் பூட்டும். திறக்கும்போது அந்த நாணயம் திரும்பி விழுந்துவிடும். லாக்கர் வாடகை எனக்குத் தெரியும். வாடகையைத் திருப்பித் தரும் லாக்கரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

முதல் ஒரு மணி நேரத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. பெரிய பெரிய அறைகள், என் செருப்புச் சத்தமே எனக்குக் கேட்கும் அமைதி. சில படங்கள் பிடித்தன, சிலவற்றின் முன்னால் மரியாதைக்கு நின்றேன். ரோய் லிக்டன்ஸ்டைன் என்ற அமெரிக்க ஓவியரின் படம் ஒன்று இவர்களிடம் இருக்கிறதாம்; காமிக்ஸ் புத்தகத்தில் வரும் பெண் முகம் மாதிரி இருக்குமாம். திறக்கும் சமயத்தை ஒட்டி 60 கோடி யென்னுக்கு மேல் கொடுத்து வாங்கியதற்கு, மக்கள் பணத்தில் இதெல்லாம் தேவையா என்று பெரிய சர்ச்சையே நடந்ததாம். சேகரிப்பை மாற்றி மாற்றித்தான் மாட்டுவார்கள் என்பதால் அன்று அது இல்லை. இருந்திருந்தால் அதைத்தான் நெடுநேரம் பார்த்திருப்பேன், விலைக்காகவே.

கடைசி அறைக்கு வந்தோம். வெளிச்சம் குறைவு. எதிர்ச் சுவர் முழுக்கச் சிவப்பு எண்கள்.

பழைய டிஜிட்டல் கடிகாரத்தில் வருமே, அதே கோணல் எழுத்து, அதே சிவப்பு. நூற்றுக்கணக்கில். ஒவ்வொன்றும் தன்பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருந்தது. ஒன்று படபடவென்று ஓடுகிறது, நோட்டு எண்ணும் மெஷின் மாதிரி. பக்கத்தில் இருப்பது அசையவே யோசிக்கிறது. கீழே ஓரமாக ஒரு 4, அது 5 ஆவதற்குள் நான் இரண்டு தரம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன்.

"மொத்தம் 1,728 கவுண்டர்மா."

"பன்னிரண்டு குரோஸ்" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. பன்னிரண்டு டஜன் ஒரு குரோஸ், பன்னிரண்டு குரோஸ் 1,728. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் குரோஸ் தெரியாது. ஆனால் கவுண்டர் என்ற சொல் எனக்கு இனித்தது. நானும் ஒரு கவுண்டரில்தானே இருந்தேன்!

செய்தவர் பெயர் மியாஜிமா தாட்சுவோ. 1957இல் டோக்கியோவிலேயே பிறந்தவர். இது 1998இல் செய்தது. தலைப்பைத் தமிழில் சொன்னால், 'மாறிக்கொண்டே இரு, எல்லாவற்றோடும் சேர்ந்திரு, என்றைக்கும் தொடர்'. பெரியவர்கள் கல்யாணத்தில் வாழ்த்துகிற மாதிரி இருக்கிறது.

பார்த்துக்கொண்டே வந்தவள், நடுவில் ஒரு கட்டம் இருட்டாக இருப்பதைக் கண்டேன். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. 1,728இல் ஒன்றிரண்டு போவது சகஜம்தான். குறித்துக்கொள்ளலாம் என்று பால்பாயின்ட் பேனாவை எடுத்தேன். மூலையில் நாற்காலியில் மடிமேல் சின்னப் போர்வையோடு உட்கார்ந்திருந்த பெண் எழுந்து வந்தாள். சத்தமே இல்லாத நடை. குனிந்து வணங்கி, இரண்டு கையாலும் ஒரு பென்சிலை நீட்டினாள். கலைப்பொருள் இருக்கும் அறையில் மைப் பேனாவுக்கு அனுமதி இல்லை. இதைவிடப் பணிவாக யாரும் என்னைக் கண்டித்ததில்லை.

வந்ததுதான் வந்தாள் என்று இருட்டுக் கட்டத்தைக் காட்டி, "இது எரியலை" என்று ஜாடையில் சொன்னேன். மகன் தலையில் அடித்துக்கொண்டான். அவள் சிரிக்கவில்லை. கையை மூடிக் காட்டி, மெதுவாக, "ஸெரோ" என்றாள். பிறகு ஆள்காட்டி விரலை நிமிர்த்திக் காட்டினாள். ஒன்று.

பழுது இல்லை. எண்ணிக்கை முடிந்து பூஜ்ஜியம் வரவேண்டிய இடத்தில் விளக்கு அணைந்துவிடும். சிறிது நேர இருட்டு. அப்புறம் மறுபடி ஒன்றிலிருந்து. மியாஜிமாவுக்குப் பூஜ்ஜியம் ஓர் எண் இல்லை, பௌத்தர்கள் சொல்லும் சூனியம். அதை எழுதிக் காட்டமாட்டார்.

அங்கே இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் வேலையில் பூஜ்ஜியம்தான் எல்லாம். சாயங்காலம் கல்லாவில் இருக்கிற பணமும் புத்தகத்தில் இருக்கிற பணமும் ஒத்துப்போய் வித்தியாசம் பூஜ்ஜியம் என்று வந்தால்தான் வீட்டுக்குக் கிளம்பலாம். ஒருநாள் 500 ரூபாய் ஷார்ட். ராத்திரி ஒன்பதரை வரை எண்ணினேன், கடைசியில் கைக்காசைப் போட்டேன். அந்த வட்டத்தைப் பார்த்தால் எனக்கு நிம்மதி. இவர் அதையே இருட்டாக்கி வைத்திருக்கிறார். யோசித்தால் நம் பழைய தமிழ் எண்களிலும் பூஜ்ஜியத்துக்கு எழுத்து கிடையாது. பத்துக்கு ௰, நூற்றுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனியாக வைத்துக்கொண்டு சமாளித்தார்கள். பிறகு வந்ததற்குப் பூஜ்ஜியம் என்று பெயர். பூஜ்யம் என்றால் பூஜிக்கத் தக்கது.

மகன் போனில் பார்த்து இன்னொன்று சொன்னான். ரொப்பொங்கியில் ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் சுவரில் இவர் 2003இல் ஆளைவிட உயரமான எண்களை வைத்திருந்தார். 2011 மார்ச்சில் பூகம்பமும் சுனாமியும் வந்த கையோடு அதை அவரே அணைத்துவிட்டார். ஐந்து வருஷம் இருட்டு. 2016இல் மூன்று நாள் மட்டும் எரியவிட்டார்கள். ஐந்து வருஷ ஸெரோ. கேட்டுவிட்டு நான் ஒன்றும் பேசவில்லை.

நவோஷிமா தீவில் இவர் செய்த வேலையும் எனக்குப் பிடித்தது. ஒரு பழைய வீட்டுக்குள் தண்ணீரில் 125 கவுண்டர்கள். எது எந்த வேகத்தில் ஓடவேண்டும் என்று முடிவு செய்தவர்கள் ஊர்க்காரர்கள், ஆளுக்கு ஒன்று. நானாக இருந்தால் எந்த வேகம் வைப்பேன்? கவுண்டரில் இருந்த காலத்தில் கேட்டிருந்தால் படபடவென்று ஓடுவது. இப்போது அந்த ஓரத்து 4 மாதிரி.

நடுக்கட்டம் இருட்டாகவே இருந்தது. அது ஒன்றாவதைப் பார்க்காமல் எழுந்திருக்கக் கூடாது என்று பிடிவாதம் வந்துவிட்டது. ஆறு மணிக்கு மூடுகிறார்கள். ஐந்தே முக்கால் ஆனது. கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தேன்.

"அம்மா, குடைச் சாவி உங்கிட்டயா இருக்கு?"

திரும்பி, பையைத் துழாவி, எடுத்துக் கொடுத்துவிட்டுப் பார்த்தால், நடுக்கட்டத்தில் 3 எரிந்துகொண்டிருந்தது.

"நாளைக்கு ஒரு தரம் வரலாமாடா?"

"நாளைக்குத் திங்கள்மா. லீவு."