35 என்றால் பாஸ்தானே?

“பாஸ்தான் சார்.”

நான் சொன்னது இவ்வளவுதான். சொல்லி ஏழு மாதம் ஆகிறது. இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோ அறையில் விளக்கைக் குறைத்துவிட்டு புரோபில் ஜெல் போடும்போது இன்னும் இந்த இரண்டு சொல்லும் நினைவுக்கு வந்துவிடுகின்றன.

அவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தார். அப்படிப் படுத்தால்தான் இதயம் நெஞ்சுச் சுவரை ஒட்டி வரும், படம் தெளிவாகக் கிடைக்கும். எங்கள் அறையில் அந்தப் பக்கம் திரும்பினால் திரை நேராக முகத்துக்கு எதிரே வந்துவிடும். இடது கீழறை முழுதாக விரிந்திருக்கும் நொடியில் படத்தை நிறுத்தி, உள்விளிம்பைச் சுற்றி வரைந்தேன். சுருங்கி முடித்த நொடியில் இன்னொரு முறை. நிரம்பிய ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எவ்வளவு வெளியே போகிறது என்று மிஷின் கணக்குப் போட்டு ஓரத்தில் காட்டியது: 35%.

“ஏம்மா, 35 என்றால் பாஸ்தானே?”

கேலியாகத்தான் கேட்டார். ஆனால் திரையின் அடியில் ஓடிக்கொண்டிருந்த இசிஜியில் துடிப்பு 78-லிருந்து 94-க்கு ஏறியது. வாய் என்ன சொன்னாலும் அந்தக் கோடு காட்டிக்கொடுத்துவிடும். நான் “பாஸ்தான் சார்” என்றேன். கொஞ்ச நேரத்தில் 82-க்கு இறங்கியது. எனக்கும் நிம்மதியாக இருந்தது. உண்மையில் அந்த நிம்மதிதான் இப்போது உறுத்துகிறது.

இப்படிப்பட்ட கேள்விக்கு எங்களிடம் ஒரே பதில்தான் உண்டு: “டாக்டர் சொல்வார்.” அளவெடுப்பது எங்கள் வேலை, அதற்கு என்ன அர்த்தம் என்று சொல்வது அவர் வேலை. சரியான விதிதான், நானே புதிதாக வருபவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் இருட்டறையில் சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்திருப்பவருக்கு அந்த வாக்கியம் எப்படிக் கேட்கும்? நல்லதாக இருந்தால் சொல்லியிருப்பாளே என்றுதான் கேட்கும்.

விதியை மீறி நல்லது நடந்ததும் உண்டு. ஒருமுறை ஒரு அம்மா ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். பம்பிங் 55 என்று போட்டிருந்தது. பாதி இதயம் போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்: இதயத்தின் கீழறையில் 120 மில்லி ரத்தம் நிரம்பினால் ஒரு துடிப்பில் ஏறக்குறைய 70 மில்லி வெளியே போகும், மிச்சம் 50 உள்ளேயே நிற்கும். எல்லோருக்கும் அப்படித்தான், எந்த இதயமும் முழுதாகக் காலி செய்வதில்லை. 55-லிருந்து 70 வரைக்கும் நல்ல கணக்குதான். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். அன்றைக்கு யாரும் என்னை ஏன் பேசினாய் என்று கேட்கவில்லை.

வாத்தியாரிடமும் இதையேதான் சொல்லியிருக்க வேண்டும். சார், இந்தப் பேப்பர் நூற்றுக்கு இல்லை, வகுப்பிலேயே முதல் மாணவன் வாங்குவது 70-தான், இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று. கணக்கு சொல்லிக்கொடுத்தவர், அரை நிமிடத்தில் பிடித்திருப்பார். பிடித்திருந்தால் துடிப்பு எங்கே போயிருக்கும் என்பது வேறு விஷயம்.

நான் சொன்னது பொய்யா என்று பல ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். அவருடைய அறை பெரிதாகியிருந்தது. விரிந்த நிலையில் 200 மில்லி. அதில் 35% என்றால் 70 மில்லி. நல்ல இதயம் தள்ளுகிற அதே 70! நிமிடத்துக்கு 78 துடிப்பு என்றால் ஐந்தரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு, குறைசொல்ல முடியாத அளவு. இதயத்தின் சாமர்த்தியம் அது. ஒவ்வொரு முறையும் முன்போல இழுத்துச் சுருங்க முடியாதபோது, அறையை அகலமாக்கிக்கொண்டு, வேண்டிய ரத்தத்தைக் கொடுத்துவிடுகிறது. அப்படியானால் பாஸ்தானே?

இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டால் தூக்கம் வரும். நிறுத்த முடிவதில்லை. அவருக்கு மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருக்கிற மைட்ரல் வால்வில் லேசான கசிவு இருந்தது. ஆகவே அந்த 70-இல் கொஞ்சம் உடம்புக்குப் போகாமல் பின்னால் மேலறைக்கே திரும்பிக்கொண்டிருந்தது. அறை பெரிதாகப் பெரிதாக, அதே அழுத்தத்தை உண்டாக்கச் சுவர் இன்னும் முறுக்கிக்கொண்டு உழைக்க வேண்டும், அந்த உழைப்பிலேயே சுவர் மேலும் தளரும். எல்லாவற்றுக்கும் மேலாக, நாங்கள் வைக்கும் பரீட்சையே படுத்திருக்கும்போது வைப்பது. நல்ல இதயம் ஓடும்போது நிமிடத்துக்கு நான்கைந்து மடங்கு ரத்தம் தள்ளும். அவருடையது படுக்கையிலேயே கையிருப்பையெல்லாம் செலவழித்துக்கொண்டிருந்தது. இரண்டு மாடி ஏறச் சொல்லிவிட்டு மார்க் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

1628-இல் வில்லியம் ஹார்வி இதே மாதிரி பெருக்கல் கணக்குப் போட்டுத்தான், அரை மணி நேரத்தில் இதயம் தள்ளும் ரத்தம் உடம்பில் உள்ள மொத்த ரத்தத்தையும் மிஞ்சுகிறது, ஆகவே அதே ரத்தம்தான் சுற்றிச் சுற்றி வர வேண்டும் என்று வாதாடினார். அவர் கணக்குப் போட்டது உண்மையைக் கண்டுபிடிக்க. நான் போடுவது எதற்கு என்று எனக்கே தெரியும்.

நான்கு மாதம் கழித்து மனைவியோடு வந்தார். சட்டை தோளில் தொங்கியது. அந்த அம்மாதான் பேசினார், கோபமாகக்கூட இல்லை. “நீங்க பாஸ்னு சொன்னீங்களாமே. இவர் தண்ணி மாத்திரையை நிறுத்திட்டார்.”

இரண்டே வாரத்தில் கால் வீங்கி, ராத்திரி படுக்க முடியாமல் உட்கார்ந்தே மூச்சு வாங்கி, கடைசியில் அட்மிட் ஆகியிருக்கிறார். ஏன் என்று எனக்குப் புரிந்தது. தனக்கு வரும் ரத்தம் குறைந்தால், உடம்பில் தண்ணீர் பற்றாக்குறை என்று சிறுநீரகம் நினைத்துக்கொள்ளும். உப்பையும் தண்ணீரையும் பிடித்துவைக்கும். ஏற்கனவே திணறுகிற பம்புக்கு இன்னும் சுமை. அந்தத் தப்பான முடிவை மாற்றத்தான் தண்ணி மாத்திரை. டாக்டர் அன்றைக்குக் கால் மணி நேரம் இதையெல்லாம் விளக்கியிருக்கிறார். தினமும் எடை பார்க்கச் சொல்லியிருக்கிறார். அவ்வளவும் போய், நான் சொன்ன ஒரு வார்த்தை மட்டும் தங்கியிருக்கிறது. இதற்கு நான்தான் பொறுப்பா? ராத்திரி மூன்று முறை எழுந்து பாத்ரூம் போவது பிடிக்காமல் நிறுத்தியவர் என் தலையில் போடுகிறாரோ என்றும் ஒரு நாள் நினைத்தேன். நினைத்ததற்கு வெட்கப்பட்டேன். ஆனாலும் அது தப்பான சந்தேகம் என்று இன்னும் சொல்ல முடியவில்லை.

வாத்தியார் மனைவியைக் கையமர்த்தினார். “சும்மா இரு. அன்னைக்கு அந்த வார்த்தை இல்லைன்னா நான் வீட்டுக்கே போயிருக்க மாட்டேன், பயத்துலயே போயிருப்பேன்.” அதுவும் உண்மையாக இருக்கலாம். இல்லையென்றால் என்மேல் இரக்கப்பட்டுச் சொன்னதாகவும் இருக்கலாம்.

இப்போதெல்லாம் ஆள் படுப்பதற்கு முன்பே திரையை என் பக்கம் திருப்பிவிடுகிறேன். அன்றைக்கும் திருப்பியிருந்தேன். விரிந்த அறையைச் சுற்றி வரைந்தேன், சுருங்கிய அறையைச் சுற்றி வரைந்தேன். 41 வந்தது. மாத்திரைகள் வேலை செய்திருக்கலாம். ஆனால் வரையும் கை ஒரு நூலிழை உள்ளே போனாலும் ஐந்து புள்ளி ஏறியிறங்கும்.

“மார்க்கை மறைச்சிட்டியாம்மா?” என்றார்.

இசிஜியில் துடிப்பு ஏறத் தொடங்கியது.

“மூச்சை முழுசா விட்டுட்டு அப்படியே நிறுத்துங்க சார்” என்றேன். அவர் நிறுத்தினார். நான் இன்னொரு முறை அளவெடுத்தேன்.